அடுக்களையை அளந்த அம்மையார்

உலக சரித்திரமென்று நாம் படித்துவருவது பெரும்பாலும் அரண்மனைகளின் சரித்திரமே. எந்த மன்னன் எத்தனை கோபுரங்களை எழுப்பினான், எந்தச் சக்கரவர்த்தி எத்துணை நீளமான மதிலை வளைத்தான் என்பவற்றை ஆண்டும் தேதியுமாக நெட்டுருச் செய்கிறோம். அவ்வரண்மனைகளுக்கு அப்பால் கோடிக்கணக்கான மக்கள் குடியிருந்த வீடுகள் எங்ஙனம் இருந்தன? அவ்வீடுகளின் பின்கட்டில், புகையிலும் வெப்பத்திலும் நின்று உணவு சமைத்த பெண்மக்கள், அடுப்புக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் அலமாரிக்குமாக நாளொன்றுக்கு எத்தனை அடி நடந்தார்கள்? இவ்வினாக்களைக் கேட்டவர் மிகச் சிலரே. கேட்கவேண்டிய விஷயமென்றே பலருக்குத் தோன்றவில்லை. தோன்றாமைக்குக் காரணமும் வெளிப்படை. வீட்டை வரைந்தவன் ஆண். அதன் அடுப்படியில் நின்றவள் பெண்.

அவ்வினாக்களைக் கேட்டதோடு நில்லாமல், அவற்றுக்கு விடையையும் மரத்தாலும் உலோகத்தாலும் செய்துகாட்டிய ஒருவர் ஐரோப்பாவிலே வாழ்ந்தார். ஆஸ்திரிய நாட்டின் தலைநகராகிய வியன்னாவிற் பிறந்து, நூற்றுமூன்று வயது நிறைய ஐந்தே நாள் இருக்கையில் மறைந்த மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்னும் அம்மையாரே அவர். நவீனக் கட்டிடக்கலையைப் பற்றிப் பேசுவோர் லெ கார்புசியே, வால்ட்டர் குரோப்பியஸ், மீஸ் வான் டெர் ரோஹே முதலிய ஆடவர் பெயர்களையே அடுக்குவர். இவ்வம்மையாரை நினைத்தாலும், ஓர் அடுக்களையை அமைத்தவர் என்ற ஒரு வரியோடு முடித்துவிடுவர். அவ்வொரு வரிக்கு முன்னும் பின்னும் நெடியதொரு வாழ்வு உண்டு. அவ்வாழ்வை நேயர்கள் முன் வைப்பதே நமது நோக்கம்.

பிறப்பும் பயிற்சியும்

லிஹோட்ஸ்கி அம்மையார் 1897-ம் ஆண்டு ஜனவரி மாதம் 23-ந் தேதி பிறந்தார். தந்தையார் அரசாங்க உத்தியோகஸ்தர். வறுமை இன்னதென்று அறியாத நடுத்தரக் குடும்பம். 1915-ம் ஆண்டில், முதல் மகாயுத்தம் நடந்துகொண்டிருக்கையில், வியன்னாவிலுள்ள கைத்தொழிற்கலைக் கல்லூரியில் அவர் மாணவியாகச் சேர்ந்தார். சித்திரம் பயில எண்ணிச் சென்றவரின் மனம் நாளடைவிற் கட்டிடக்கலையை நாடியது. ஒரு பெண்ணிடம் வீடு கட்டும் வேலையை யார் ஒப்படைக்கப் போகிறார்கள் என்று தந்தையாரும் ஐயுற்றார், ஆசிரியரும் ஐயுற்றார். அவ்வையம் ஆதாரமற்றதன்று. அக்காலத்து ஆஸ்திரியாவில் அத்தொழிலை மேற்கொண்ட பெண்களை விரல்விட்டு எண்ணுதலும் அரிது. பெண்களுக்கு அந்நாட்டில் வாக்குரிமை கிடைத்ததே 1918-ம் ஆண்டின் இறுதியிலேதான்.

அவருக்குக் கட்டிடக்கலை கற்பித்தவர் ஆஸ்கார் ஸ்டர்நாட் என்பவர். 1917-ம் ஆண்டில், தொழிலாளர் குடியிருப்பைப் பற்றிய போட்டியொன்றிற் கலந்துகொள்ள இவர் விரும்பியபோது, ஆசிரியர் ஒரு நிபந்தனை விதித்தார். படம் வரைவதற்கு முன்னர், தொழிலாளர் வாழும் பகுதிகளுக்கு நேரிற் சென்று, அவர்கள் எவ்வாறு குடியிருக்கிறார்கள் என்பதைக் கண்டுவர வேண்டும் என்பதே அது. மாணவி சென்றார், கண்டார். ஒரே அறையிலும் ஒரே அடுக்களையிலும் ஒரு குடும்பம் முழுவதும் நெருங்கிக் கிடந்தது. தண்ணீர்க் குழாய் வீட்டினுள் இல்லை. பல வீடுகளுக்குப் பொதுவான நடைவழியில் இருந்தது. வாடகை கொடுக்க வழியில்லாதோர், தங்கள் படுக்கையையே அந்நியருக்குச் சில மணி நேரத்துக்கு வாடகைக்கு விட்டனர். இரவு வேலைக்குச் சென்று மீண்டவன், பகல் வேலைக்குப் போனவனின் படுக்கையிற் படுத்தான்.

போட்டியிற் பரிசு அம்மையாருக்கே கிடைத்தது. ஆயினும் பரிசினும் பெரிது அவர் அந்நாட்களிற் பெற்ற அறிவு. கட்டிடக்கலை என்பது முகப்பை அழகுசெய்யும் வித்தையன்று. அக்கட்டிடத்தினுள் வாழ்பவரின் நாளையும் உழைப்பையும் உணர்ந்து செய்யும் தொழில் என்ற எண்ணம் அவருள் வேரூன்றியது. அவ்வெண்ணத்தை அவர் இறுதிவரை விட்டாரில்லை.

பட்டினி நாட்கள்

1918-ம் ஆண்டில் யுத்தம் முடிந்தது. ஆறு நூற்றாண்டுக்கு மேலாக ஆண்ட ஹாப்ஸ்பர்க் மரபின் சாம்ராஜ்யம் துண்டுதுண்டாகச் சிதறிற்று. பெரியதொரு சாம்ராஜ்யத்தின் தலைநகராக இருந்த வியன்னா, சின்னஞ்சிறு நாடொன்றின் தலைநகராகச் சுருங்கியது. நெல்லுக்கு இறைத்த நீர் வற்றினால் வயல் என்னாகும்? நகரில் உணவில்லை, விறகில்லை, வீடில்லை. மக்கள் நகருக்கு வெளியே இருந்த நிலங்களிற் புகுந்து, உருளைக்கிழங்கும் கீரையும் பயிரிட்டு, கிடைத்த பலகைகளைக் கொண்டு குடிசை கட்டிக்கொண்டனர். விரைவில் அவர்கள் கூட்டுறவுச் சங்கங்களாக ஒன்றுசேர்ந்து, முறையான குடியேற்றங்களை அமைக்கத் தொடங்கினர். பணம் கொடுக்க இயலாதவர் தம் கையுழைப்பைப் பங்காகக் கொடுத்தனர்.

இக்குடியேற்றங்களுக்கு நகரசபையின் சார்பிற் கட்டிடக் கலைஞராக இருந்தவர் அடால்ப் லோஸ். கட்டிடங்களில் வீண் அலங்காரத்தைச் சாடியதன்மூலம் ஐரோப்பா முழுவதும் பெயர் பெற்றவர் அவர். அவரோடு சேர்ந்து லிஹோட்ஸ்கி அம்மையாரும் குடியேற்ற மக்களுக்காக உழைத்தார். செலவு குறைந்த சிறு வீடுகளை வரைந்ததோடு, ஏழைக் குடும்பம் படிப்படியாக வாங்கிச் சேர்க்கத்தக்க எளிய தளவாடங்களைப் பற்றியும், சமையலிடத்தின் அமைப்பைப் பற்றியும் ஆலோசனை கூறினார். வீடு என்றால் நான்கு சுவரும் கூரையும் மட்டுமன்று. பாத்திரம் எங்கே வைப்பது, துணி எங்கே தோய்ப்பது, குழந்தை எங்கே உறங்குவது என்பவற்றுக்கெல்லாம் விடை கூறாதவர் வீட்டைக் கட்டியவர் ஆகார் என்பது அவர் கொள்கை.

அந்நாட்களின் வறுமை அவரையும் விட்டுவைக்கவில்லை. காசநோய் வியன்னாவில் வீடுதோறும் புகுந்திருந்தது. அம்மையாரின் தாயார் அந்நோயால் மாண்டார். அம்மையாரும் அந்நோய்க்கு ஆளாகி, 1924-ம் ஆண்டில் மலைப்பகுதி ஆஸ்பத்திரியொன்றில் தங்கிச் சிகிச்சை பெற்றார். காற்றும் வெயிலும் புகாத வீடு மனிதனைக் கொல்லும் என்பதை அவர் புத்தகத்திற் படித்தறிந்தவரல்லர். தம் உடலாலும் தம் குடும்பத்தாலும் அறிந்தவர்.

பிராங்க்பர்ட் அடுக்களை

ஜெர்மனியில் மைன் நதிக்கரையிலுள்ள பிராங்க்பர்ட் நகரம் 1925-ம் ஆண்டில் பெரியதொரு வீடமைப்புத் திட்டத்தைத் தொடங்கியது. அதன் தலைவர் எர்ன்ஸ்ட் மே. ஐந்தாண்டுக் காலத்தில் பன்னிரண்டாயிரத்துக்கு மேற்பட்ட வீடுகள் அங்கே எழுந்தன. ரோமர்ஸ்டாட், பிரவுன்ஹைம், வெஸ்ட்ஹவுசன் முதலிய குடியிருப்புகள் அத்திட்டத்தின் பயனே. இத்துணை வீடுகளையும் குறைந்த செலவில் விரைவாகக் கட்டுவதற்கு, கதவும் சன்னலும் சுவர்த் துண்டுகளும் ஒரே அளவினவாகத் தொழிற்சாலையிற் செய்யப்பட்டன. வியன்னாக் குடியேற்றங்களில் அம்மையார் ஆற்றிய பணியை அறிந்திருந்த மே, 1926-ம் ஆண்டில் அவரைப் பிராங்க்பர்ட்டுக்கு அழைத்தார். அங்கேதான் அந்தப் புகழ்பெற்ற அடுக்களை உருவாயிற்று.

அதற்குமுன் தொழிலாளர் வீடுகளிற் சமையலும் சாப்பாடும் குழந்தைகளின் விளையாட்டும், பல இடங்களில் உறக்கமுங்கூட, ஒரே அறையில் நடந்துவந்தன. சூடேற்றுவதற்கு ஓர் அறைக்கே விறகு வாங்க முடிந்தவர்களுக்கு வேறு வழி இல்லை. புகையும் ஆவியும் அவ்வறையை விட்டு அகன்றதேயில்லை. சமைக்கும் இடத்தைத் தனியே பிரித்து, அதனைக் கூடத்தோடு அகன்றதொரு தள்ளுகதவால் இணைக்கலாம் என்று அம்மையார் கருதினார். கதவைத் திறந்துவைத்தால், சமைத்துக்கொண்டே கூடத்திலுள்ள குழந்தைகளைக் கவனிக்கலாம். மூடினால் புகை அப்பால் செல்லாது. அடுப்புக்கும் சாப்பாட்டு மேசைக்கும் இடையே மூன்று மீட்டருக்குமேல் நடை இருத்தலாகாது என்றும் வரையறுத்தார்.

அவ்வடுக்களையின் அகலம் 1.9 மீட்டர், நீளம் 3.4 மீட்டர். நாம் பழகிய அளவிற் கூறினால், ஏறத்தாழ ஆறேகால் அடிக்குப் பதினோரடி. இவ்வளவு சிறிய இடத்தில் ஒரு குடும்பத்துக்குச் சமைப்பது எங்ஙனம்? அம்மையார் அதற்கு முன்மாதிரியாகக் கொண்டது ரெயில் வண்டியின் உணவுப் பெட்டியை. ஓடும் வண்டியில், ஒடுங்கிய ஓர் அறைக்குள்ளிருந்து, நூற்றுக்கணக்கான பிரயாணிகளுக்குச் சமையற்காரர் உணவளிக்கின்றனர் அல்லவா? அங்கே எப்பொருளும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. வீண் நடை இல்லை. அமெரிக்காவிலே கிறிஸ்டீன் பிரடெரிக் என்னும் பெண்மணி, இல்லத்து வேலையிற் செலவாகும் அடிகளையும் நிமிடங்களையும் கணக்கிட்டு எழுதிய நூல், 1922-ம் ஆண்டில் ஜெர்மன் மொழியில் வெளிவந்திருந்தது. அதனையும் அம்மையார் கற்றார். ஒரு வேலைக்குப் பின் எவ்வேலை வருகிறது, எப்பொருளை எப்பொருளுக்கு அடுத்து வைத்தால் எத்தனை அடி மிச்சமாகும் என்று கடிகாரத்தைக் கையிற்கொண்டு அளந்து, அதற்கேற்ப ஒவ்வொன்றையும் அமைத்தார்.

சன்னலின் எதிரே வேலைப் பலகை. அதனால் வெளிச்சம் கைமேல் விழும். அதன்முன் சுழலும் முக்காலி; நின்றுகொண்டே எல்லா வேலையையும் செய்யவேண்டுவதில்லை. காய் நறுக்கிய கழிவைத் தள்ளிவிடப் பலகையிலேயே ஒரு வழி. கழுவிய தட்டுகள் தாமே நீர் வடிந்து உலரும்படி ஒரு தட்டுச் சட்டம். துடைக்கும் வேலை மிச்சம். சுவரோடு மடித்துவைக்கத்தக்க இஸ்திரிப் பலகை. வேண்டிய இடத்துக்கு இழுத்துக்கொள்ளத்தக்க விளக்கு. அரிசி, சர்க்கரை, பருப்பு முதலியவற்றுக்குக் கைப்பிடியும் மூக்கும் வைத்த அலுமினியப் பெட்டிகள். ஒவ்வொன்றின்மீதும் பெயர் பொறித்திருந்தது. எடுத்து அப்படியே பாத்திரத்திற் சாய்க்கலாம். மாவுக்கு மட்டும் ஓக் மரத்தாலான பெட்டி. அம்மரத்தின் துவர்ப்புச் சத்து புழுவை அண்டவிடாது. பலகைகளுக்கெல்லாம் நீலப்பச்சை வர்ணம் பூசினர். ஈக்கள் அந்நிறத்தை விரும்பாவென்று அக்காலத்திற் கருதினர். இங்ஙனம் ஏறத்தாழ 10,000 அடுக்களைகள் அந்நகரின் வீடுகளிற் பொருத்தப்பட்டன. குடிவருவோர் தனியே விலைகொடுத்து வாங்கவேண்டியதில்லை; வீட்டோடு சேர்ந்தே வந்தது; செலவு வாடகையில் அடங்கியது. இன்று உலகெங்கும் அடுக்குமாடி வீடுகளிற் காணும், சுவரோடு பொருத்திய அலமாரிகளும் ஒரே தொடர்ச்சியான வேலைப் பலகையும் உடைய சமையலறைகளுக்கெல்லாம் அதனை ஒரு மூதாதை என்று கூறலாம்.

இவற்றையெல்லாம் அமைத்தவர் அதுகாறும் ஒரு குடும்பத்துக்குச் சமைத்துப் பழகியவரல்லர் என்பதை அறிந்தால் நேயர்கள் வியப்படைவர். அவரே பிற்காலத்தில் அதனை மறைக்காமற் கூறினார். பெண்ணாகப் பிறந்தமையால் அடுக்களை ஞானம் தாமாகவே வந்தது என்று பிறர் பேசியதை அவர் ஏற்கவில்லை. தாம் ஒரு கட்டிடக் கலைஞர் என்ற முறையில், ஆராய்ந்து செய்த வேலை அது என்பதே அவர் கூற்று. ஆராய்ச்சிக்குரிய அறிவு ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது. அடுப்படிக்குரிய அறிவும் அங்ஙனமே பொது என்பது இதனாற் புலனாகிறதன்றோ?

குறை கூறுவோர் கூற்று

அவ்வடுக்களையைப் புகழ்ந்தோர் பலர். குறை கூறினோரும் உண்டு. அவர் கூறியவற்றையும் நாம் நேர்மையாக நோக்கவேண்டும். முதலாவது, அவ்வீடுகளின் வாடகை கடைநிலைத் தொழிலாளருக்கு எட்டவில்லை. நல்ல கூலி பெற்ற தொழிலாளரும் குமாஸ்தாக்களுமே பெரும்பாலும் அவற்றிற் குடியேறினர். எவருக்காக அத்திட்டம் தொடங்கப்பட்டதோ, அவருள் மிக வறியவர் வெளியிலேயே நின்றனர். இரண்டாவது, குடிவந்தோரிற் பலர் அவ்வடுக்களை மிகக் குறுகியது என்று முறையிட்டனர். ஒருவர் நிற்கும் இடத்தில் இருவர் நிற்க இயலாது. பழைய மேசையை உள்ளே போட்டு அங்கேயே உண்ண விரும்பியவருக்கு இடம் போதவில்லை.

மூன்றாவது குற்றச்சாட்டே ஆழமானது. 1970-ம் ஆண்டுகளிற் பெண்ணுரிமை பேசியோர் அதனை எழுப்பினர். பெண்ணின் வேலை குறைந்தது உண்மையே. ஆயினும் அவளைத் தனியே ஒரு சிற்றறையில் நிறுத்தி, சமையல் அவள் ஒருத்தியின் கடமையே என்பதை அவ்வடுக்களை மரத்திலும் சுவரிலும் நிலைநாட்டிவிட்டது அல்லவா என்று அவர்கள் வினவினர். இருவர் நிற்க இடமில்லாத அறையிற் கணவன் எங்கே நின்று காய் நறுக்குவான்? இவ்வினாவை நாம் எளிதில் ஒதுக்கிவிட இயலாது.

அம்மையார் தரப்பிற் கூறவேண்டியதும் உண்டு. பல குடும்பங்களுக்குப் பொதுவாக ஒரே சமையற்கூடம் வைத்து, வீடுகளில் அடுக்களையே இல்லாமற் செய்யலாம் என்ற திட்டத்தையும் அவர் ஆராயாமல் இல்லை. ஆனால் வேலையிழந்த தொழிலாளி அப்பொதுச் சமையலுக்குரிய பணத்தை எங்ஙனம் கொடுப்பான்? வருமானம் குறைந்த மாதத்தில் அவன் மனைவி வீட்டில் எளிய உணவைச் சமைத்துச் சமாளிக்க வழி வேண்டாமோ? ஆதலின் அத்திட்டம் வறியோருக்குப் பொருந்தாது என்று அவர் முடிவுசெய்தார். அவர் நோக்கம் பெண்ணை அடுக்களையில் நிறுத்துவதன்று. அவள் அங்கே நிற்கும் நேரத்தைக் குறைப்பது. மிஞ்சிய நேரத்தில் அவள் தொழிலுக்குச் செல்லலாம், படிக்கலாம், ஓய்வெடுக்கலாம். நேரத்தைக் குறைக்கும் வேலையைக் கட்டிடக் கலைஞர் செய்ய முடியும். அவ்வேலையை ஆணும் பெண்ணும் பகிர்ந்துகொள்ளும் வழக்கத்தைச் சமூகமே செய்யவேண்டும். முன்னது ஐந்தாண்டில் முடிந்தது. பின்னது ஒரு நூற்றாண்டு கழிந்தும் பல இல்லங்களில் முடியவில்லை. இக்குறையில் எத்துணைப் பங்கு அச்சிற்றறைக்கு, எத்துணைப் பங்கு நமக்கு என்பதை ஒவ்வொருவரும் தம் வீட்டைக் கொண்டே அறிந்துகொள்ளலாம்.

நாடுவிட்டு நாடு

1927-ம் ஆண்டில் அம்மையார் தம் உடன் உழைத்த வில்ஹெல்ம் ஷூட்டே என்பவரை மணந்தார். 1929-ம் ஆண்டில் உலகெங்கும் பொருளாதார மந்தம் பரவிற்று. பிராங்க்பர்ட்டின் வீடமைப்பு வேலை தளர்ந்தது. 1930-ம் ஆண்டில் எர்ன்ஸ்ட் மே பதினேழு பேர் கொண்ட குழுவோடு சோவியத் ருஷ்யாவுக்குப் புறப்பட்டார். அம்மையாரும் கணவரும் அக்குழுவில் இருந்தனர். யூரல் மலையடிவாரத்தில் மக்னிட்டோகோர்ஸ்க் முதலிய புதிய தொழில் நகரங்களைத் திட்டமிடுவதே அவர்களுக்கு இடப்பட்ட பணி. அம்மையாரின் பொறுப்பிற் குழந்தைகளுக்குரிய கட்டிடங்கள் விடப்பட்டன. தாய்மார் ஆலைக்குச் செல்லும் நகரிற் குழந்தைகள் காப்பகம் இன்றியமையாதது. குழந்தையின் கைக்கெட்டும் உயரத்தில் அலமாரி, குழந்தையின் கால் நிலத்திற் படியும்படி நாற்காலி என்று, பிராங்க்பர்ட்டிற் பெண்ணின் அடியை அளந்தவர் ருஷ்யாவிற் குழந்தையின் உயரத்தை அளந்தார்.

1933-ம் ஆண்டில் ஜெர்மனி ஹிட்லர் வசமாயிற்று. 1934-ம் ஆண்டில் வியன்னாவிலும் தொழிலாளர் இயக்கம் பீரங்கியால் நசுக்கப்பட்டது. 1923-ம் ஆண்டு முதல் அறுபதினாயிரத்துக்கு மேற்பட்ட வீடுகளை ஏழைகளுக்குக் கட்டிய நகரசபை கலைக்கப்பட்டது. திரும்பிச் செல்ல அம்மையாருக்கு நாடு இல்லை. ருஷ்யாவிலும் நிலைமை இருண்டது. ஸ்டாலின் ஆட்சியில் ஆயிரமாயிரம் மக்கள் இரவோடிரவாகக் கைதுசெய்யப்பட்ட காலம் அது. வெளிநாட்டு நிபுணரும் அச்சத்துக்கு விலக்கல்லர். 1937-ம் ஆண்டில் அம்மையாரும் கணவரும் அந்நாட்டைவிட்டு வெளியேறினர். லண்டனிலும் பாரிசிலும் சிலகாலம் தங்கியபின், 1938-ம் ஆண்டில் துருக்கியின் இஸ்தான்புல் நகருக்கு வந்தனர். ஜெர்மனியிலிருந்து வெளியேறி அங்கே பணியாற்றிய புருனோ டவுட் என்னும் கட்டிடக் கலைஞர் அவர்களை அழைத்திருந்தார். துருக்கிக் கிராமங்களுக்கெனப் பள்ளிக்கூடங்களை அம்மையார் வரைந்தார். உள்ளூரிற் கிடைக்கும் பொருள்களைக் கொண்டு கிராமத்தாரே கட்டிக்கொள்ளத்தக்க எளிய கட்டிடங்கள் அவை.

சிறை

இஸ்தான்புல்லில் அவருக்கு வேலை இருந்தது, கணவர் உடனிருந்தார், துருக்கி யுத்தத்திற் சேராத நாடு. அங்கேயே இருந்திருந்தால் யுத்தம் முடியும்வரை அமைதியாகப் படம் வரைந்து வாழ்ந்திருக்கலாம். 1938-ம் ஆண்டில் ஹிட்லர் விழுங்கிய தம் தாய்நாட்டை அவரால் மறக்க முடியவில்லை. 1939-ம் ஆண்டில் அவர் ஆஸ்திரியப் பொதுவுடைமைக் கட்சியிற் சேர்ந்தார். தலைமறைவாக நடந்த நாஜி எதிர்ப்பு இயக்கத்தோடு அவரைத் தொடர்புபடுத்தியவர் ஹெர்பர்ட் ஐக்ஹோல்ஸர் என்னும் மற்றொரு கட்டிடக் கலைஞர்.

1940-ம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் அம்மையார் இயக்கத்தின் தூதராக வியன்னாவுக்குப் புறப்பட்டார். உறவினரைக் காண வந்தவர் போல நகரிற் புகுந்து, செய்தி கொடுத்து, செய்தி வாங்கித் திரும்புவதே ஏற்பாடு. இயக்கத்தினுள் ஒற்றன் ஒருவன் புகுந்திருந்தான். நகரத்தில் அவர் உலவியது இருபத்தைந்து நாட்களே. 1941-ம் ஆண்டு ஜனவரி மாதம் 22-ந் தேதி, காப்பிக் கடையொன்றில் இயக்கத் தலைவருள் ஒருவராகிய எர்வின் புஷ்மன் என்பாரைச் சந்தித்துக்கொண்டிருந்தபோது, கெஸ்டாப்போ என்னும் நாஜி ரகசியப் போலீசார் இருவரையும் பிடித்துக்கொண்டனர். மறுநாள் அம்மையாருக்கு நாற்பத்துநான்காவது பிறந்தநாள்.

விசாரணையில் அரசாங்கத் தரப்பினர் மரண தண்டனை கோரினர். 1942-ம் ஆண்டில் வழங்கப்பட்ட தீர்ப்போ பதினைந்து ஆண்டுக் கடுஞ்சிறை. புஷ்மனும் ஐக்ஹோல்ஸரும் 1943-ம் ஆண்டிற் கொல்லப்பட்டனர். அம்மையார் பவேரியாவிலுள்ள ஐக்காக் என்னும் ஊரின் பெண்கள் சிறையில் அடைக்கப்பட்டார். பெண்ணின் ஓரடி நடையையும் வீணாக்கலாகாதென்று அறைகளை அளந்தவர், பிறர் அளந்து பூட்டிய அறையில் ஆண்டுகளைக் கழித்தார். 1945-ம் ஆண்டு ஏப்ரல் 29-ந் தேதி அமெரிக்கச் சேனை அச்சிறையின் கதவுகளைத் திறந்தது. நான்காண்டும் மூன்று மாதமும் கடந்தபின் அவர் வெளிவந்தார்.

விடுதலைக்குப் பின்

இத்தகையவரைத் தாய்நாடு மாலையிட்டு வரவேற்றிருக்கும் என்று நேயர்கள் எண்ணலாம். நடந்தது வேறு. பல்கேரியாவிற் சிலகாலம் பணியாற்றியபின் 1947-ம் ஆண்டில் அவர் வியன்னாவுக்கு மீண்டார். யுத்தத்தாற் பாழான நகரத்தில் எங்கும் கட்டிட வேலை நடந்தது. அவருக்குத் தொழில் தெரியும். அனுபவம் பல நாடுகளிற் பெற்றது. ஆயினும் நகரசபை அவருக்கு அளித்த வேலை மிகச் சில. சில குடியிருப்புகளும், 1950-ம் ஆண்டை ஒட்டி ஒன்றும் 1961-ம் ஆண்டுக்குப் பின் ஒன்றுமாக இரண்டு குழந்தைப் பள்ளிகளுமே அவற்றுட் குறிப்பிடத்தக்கவை. காரணம் அவர் பொதுவுடைமைக் கட்சியைச் சேர்ந்தவர் என்பதே. உலகம் இரு முகாம்களாகப் பிரிந்து நின்ற அக்காலத்தில், ஹிட்லரை எதிர்த்துச் சிறைசென்றதைவிட எக்கட்சியிலிருந்து எதிர்த்தார் என்பதே பெரிதாகக் கணிக்கப்பட்டது. பின்னர்க் கியூபாவும் கிழக்கு ஜெர்மனியும் குழந்தைக் கட்டிடங்களைப் பற்றி அவருடைய யோசனையை நாடின. சொந்த நகரம் நாடவில்லை.

அவர் அக்கட்சியை இறுதிவரை விட்டு விலகவில்லை. அக்கட்சியின் பெயரால் ருஷ்யாவில் நடந்த கொடுமைகளை அறிந்த நமக்கு இது நெருடலாகவே இருக்கிறது. அதனை மறைத்து அவரைக் குறையற்ற தெய்வமாக்க நாம் விரும்பவில்லை. ஒருவருடைய கொள்கையை மறுப்பது வேறு. அவருடைய உழைப்புக்கு வாயிலை அடைப்பது வேறு. குழந்தைப் பள்ளியின் சன்னல் எந்த உயரத்தில் இருக்கவேண்டும் என்பதற்குக் கட்சி ஏது?

காலம் மெல்ல நீதி செய்தது. 1980-ம் ஆண்டில் வியன்னா நகரம் தன் கட்டிடக்கலைப் பரிசை அவருக்கு வழங்கிற்று. எதிர்ப்பு இயக்க நாட்களைப் பற்றிய அவருடைய நினைவுக் குறிப்புகள் 1985-ம் ஆண்டில் நூலாக வெளிவந்தன. 1988-ம் ஆண்டில் ஆஸ்திரிய அரசாங்கம் அறிவியற்கும் கலைக்கும் உரிய உயர்ந்த விருதை அவருக்கு அளிக்க முன்வந்தது. அப்போது நாட்டின் தலைவராக இருந்தவர் குர்ட் வால்ட்ஹைம். யுத்த காலத்தில் ஜெர்மன் சேனையில் தாம் இருந்த வரலாற்றை மறைத்தார் என்ற குற்றச்சாட்டுக்கு அவர் ஆளாகியிருந்தார். அக்கையிலிருந்து விருது பெற அம்மையார் மறுத்துவிட்டார். அப்போது அவருக்கு வயது தொண்ணூற்றொன்று. நாற்பதாண்டு காத்திருந்து வந்த மரியாதையை மேலும் நான்காண்டு காத்திருக்கச் செய்தார். வால்ட்ஹைம் பதவி விட்டு நீங்கிய 1992-ம் ஆண்டிலேதான் அதனைப் பெற்றுக்கொண்டார். 2000-ம் ஆண்டு ஜனவரி மாதம் 18-ந் தேதி வியன்னாவிலேயே காலமானார். தம் முதுமையில் வாழ்வதற்கென அந்நகரில் அவர் தாமே அமைத்துக்கொண்ட சிறிய மாடிவீடு இன்று பார்வையாளருக்குத் திறந்துவைக்கப்பட்டிருக்கிறது.

முடிவாக

பிராங்க்பர்ட் அடுக்களையின் பகுதிகள் இன்று நியூயார்க் நகரத்து நவீனக் கலைக்கூடம் முதலிய பல பொருட்காட்சி சாலைகளில் இருக்கின்றன. பழைய வீடுகளைப் புதுப்பித்தபோது பெயர்த்தெறியப்பட்ட அலுமினியப் பெட்டிகளையும் தட்டுச் சட்டங்களையும் அறிஞர் தேடிச் சேர்க்கின்றனர். தம்மைக் காண வந்தவரெல்லாம் அவ்வடுக்களையைப் பற்றியே கேட்டதில் அம்மையாருக்குச் சலிப்பு உண்டு. இவ்வாறாகும் என்று முன்பே தெரிந்திருந்தால் அதனைச் செய்தே இருக்கமாட்டேன் என்று சினந்து கூறியும் இருக்கிறார். அச்சலிப்பின் நியாயத்தை நாம் உணர்கிறோம். ஓர் ஆடவன் நகரங்களைத் திட்டமிட்டு, பள்ளிகளை வரைந்து, கொடுங்கோலனை எதிர்த்துச் சிறைசென்று மீண்டிருந்தால், அவன் வரலாற்றை ஒரு சமையலறைக்குள் அடைத்திருப்போமா? பெண் என்றவுடன், அவள் எத்துணைப் பெரிய காரியம் செய்திருப்பினும், அடுக்களையிலே நிறுத்திப் பார்ப்பதிற் சரித்திரக்காரருக்கும் ஒரு திருப்தி இருக்கிறது போலும்.

ஆயினும் அவ்வடுக்களையை நாம் இழிவாகக் கருதவும் மாட்டோம். அரண்மனையை அளப்பதற்கு ஆயிரம் பேர் இருந்த உலகில், ஏழை வீட்டின் ஆறேகால் அடி அகலத்தை அளக்க ஒருவர் இருந்தார். வாழ்பவரைச் சென்று கண்ட பின்னரே வரைவது என்று இருபது வயதிற் கற்ற பாடமே அவரைத் தொழிலாளர் வீட்டுக்கு அனுப்பிற்று. குழந்தைகளின் காப்பகத்துக்கு அனுப்பிற்று. இறுதியில், அமைதியான இஸ்தான்புல்லை விட்டு வியன்னாவின் காப்பிக் கடைக்கும் அனுப்பிற்று. பிறர் படும் துன்பத்தை நேரிற் கண்டவர், கண்டதன்பின் காணாதவர்போல் இருக்க அறியாமையே அவ்வாழ்வு முழுவதையும் கோத்துநிற்கும் நூல்.

இன்று மாலை வீடு திரும்பும் ஆடவர் ஒவ்வொருவரும், தம் இல்லத்து அடுக்களை வாயிலிற் சிறிது நின்று, அங்கே விளக்கு எங்கே இருக்கிறது, வெளிச்சம் எக்கைமேல் விழுகிறது, அமர ஓர் இருக்கை உண்டா, காலைமுதல் அங்கே நிற்பவர் யார் என்று நோக்குவாராக. அளவுகோல் தேவையில்லை. நோக்கியபின் உள்ளே சென்று ஒரு வேலையையேனும் கையில் எடுத்துக்கொண்டால், அம்மையார் விட்டுச்சென்ற குறையில் ஒரு சிறு பகுதி நிறைவெய்தும்.